பிறர் முகம் யாருக்குச் சொந்தம்?

காரோட்டும் மனிதனின் நிலை விந்தையானது. சுற்றிலும் கண்ணாடி, ஆயினும் கதவை மூடியதும் தன் வீட்டு அறைக்குள் அமர்ந்துவிட்டதாகவே அவன் எண்ணிக்கொள்கிறான். பாடுகிறான், தனக்குத்தானே பேசுகிறான், சில வேளைகளில் அழவும் செய்கிறான். சாலையில் செல்லும் எவரும் அவனைப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கக் கிடைக்கும் முகத்தைப் புகைப்படமாக்கி நமதாக்கிக்கொள்ளவும் செய்யலாமா?

அமெரிக்கக் கலைஞர் ஆண்ட்ரூ புஷ் 1989 முதல் சில ஆண்டுகள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரச் சாலைகளில் இதைச் செய்தார். தமது காருக்குள் காமிராவைப் பொருத்தி, பக்கத்துக் காருக்கு இணையான வேகத்தில் ஓட்டியபடியே, மின்னொளி பாய்ச்சிப் படமெடுத்தார். படங்களின் தலைப்பில் கார் சென்ற திசை, வேகம், இடம், காலம் ஆகியவற்றைக் குறித்தார். ஓட்டியவரின் பெயர் மட்டும் இல்லை. அளக்கக்கூடியவை எல்லாம் கிடைத்தன. அம்மனிதர் யார் என்பது கிடைக்கவில்லை. 2008-இல் இப்படங்கள் 'டிரைவ்' என்னும் நூலாக வெளிவந்தன.

பொது இடத்தில் இருப்பவரைப் படமெடுக்கத் தடை ஏது என்று சிலர் கேட்பர். நியூயார்க்கில் நடந்த வழக்கு ஒன்றை இங்கே நினைக்கலாம். அது காரைப் பற்றியதன்று, நடைபாதையைப் பற்றியது. எனினும் கேள்வி ஒன்றே. டைம்ஸ் சதுக்கத்தில் நடந்து சென்ற யூதப் பெரியவர் ஒருவரை, அவர் அறியாமலே, ஃபிலிப்-லோர்கா டிகார்சியா என்னும் கலைஞர் படமெடுத்துக் காட்சிக்கும் விற்பனைக்கும் வைத்தார். தம் உருவத்தை இவ்வாறு பயன்படுத்துவது தம் சமய நம்பிக்கைக்கு முரணானது என்று பெரியவர் வழக்குத் தொடுத்தார். படம் கலைப்படைப்பே என்று கூறி, 2006-இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தின் முன் கேள்வி முடிந்தது. மனச்சான்றின் முன் முடிந்ததா?

கலைஞர் தரப்பிலும் நியாயம் உண்டு. தான் பார்க்கப்படுவதை அறிந்த மனிதன் உடனே முகத்தைத் திருத்திக்கொள்கிறான். அறியாத முகத்திலேதான் அவனுடைய களைப்பும் கவலையும் கலப்பின்றித் தெரியும். இதை நம்பியே வாக்கர் எவன்ஸ் 1938-க்கும் 1941-க்கும் இடையே நியூயார்க் சுரங்க ரயிலில், கோட்டுக்குள் காமிராவை மறைத்து, எதிரே அமர்ந்திருந்தவர்களைப் படமெடுத்தார். அம்முகங்களில் உள்ள உண்மையை நாம் மறுக்க இயலாது. ஆனால் அவற்றை நூலாக வெளியிட 1966 வரை அவர் காத்திருந்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

அறியாத முகம் மட்டுமே உண்மை என்பதும் சரியன்று. மைக் மேண்டல் 1970-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தெரு முனையில் ஒளிவு மறைவின்றி நின்று, கடந்து சென்ற காரோட்டிகளைப் படமெடுத்தார். சிலர் சிரித்தனர், சிலர் திகைத்தனர், சிலர் முறைத்தனர். தனித்திருக்கும் முகம் மனிதனின் ஓர் உண்மை எனில், பிறரை நோக்கித் திரும்பும் முகமும் அவனுடைய உண்மையே. மேண்டல் பிறர் முகத்தைப் பெற்றார். தம் முகத்தையும் அவர்கள் காணக் கொடுத்தார். புஷ்ஷின் மின்னொளியும் காரோட்டிக்கு ஓர் அறிவிப்புத்தான். ஆயினும் ஓடுகிற காரிலிருந்து 'வேண்டாம்' என்று சொல்வது எளிதன்று.

ஆகவே நாம் இவ்வாறு சொல்லத் துணியலாம்: அறியாமல் எடுக்கப்பட்ட முகம் களவு ஆகிவிடாது, ஆனால் அது கடன். வாங்கியவர் சொந்தப் பொருளைப் போல் அதைச் செலவிடலாகாது. அம்முகத்தை நகைப்புக்கு இரையாக்காமை, உரியவர் வருந்தினால் விலக்கிக்கொள்ளுதல், வெளியிடும் முன் காத்திருத்தல் ஆகியவை அக்கடனைத் திருப்பும் வழிகள்.

இன்று இக்கேள்வி கலைஞர்களுக்கு மட்டும் உரியதன்று. கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பேருந்தில் உறங்குபவரையும் சிக்னலில் காத்திருப்பவரையும் நொடியில் படமெடுத்துப் பலருக்கு அனுப்பிவிடுகிறோம். அனுப்பும் முன் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம்: படத்தில் உள்ளவர் இப்போது நம் அருகில் வந்து நின்றால், படத்தை அவரிடம் நீட்ட நம் கை முன்வருமா, பின்வாங்குமா? பின்வாங்கும் எனில், அந்த முகம் இன்னும் அவருடையதே.