துயரை மரப்பித்தலும் துணை நாடுதலும்

உடம்பில் நோவுற்றான் ஒருவன் வைத்தியர் தந்த குளிகையை உண்டு அந்நோவு தணியப்பெறுதல் முறையேயாம். அதனை யாரும் பழியார். நோவு நீங்கிய பின்னரும், மனைவியை இழந்த துயரோ, மகன் பிரிந்த ஏக்கமோ, தொழிலில் நேர்ந்த அவமானமோ தன்னை வருத்துந்தோறும் அக்குளிகையையே எடுத்து விழுங்குவானாயின், அது முறையாமா? முறையன்றென அவனே உணர்ந்தபின், அதனின்று மீளுதற்குப் பிறர் துணையை நாடுதல் அவனுக்கு இழிவாமா? இவ்விரு வினாக்களுள் முன்னையதற்கு விடை கூறுதல் எளிது. பின்னையதற்கு நம்மவருட் பலர் கூறும் விடை பிழையுடையது. அப்பிழையால் விளையுங் கேடு பெரிதாகலின், அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது வினாவை நோக்குவோம். மருந்து தன்னளவில் தீதன்று. மனநோய்க்கு வைத்தியர் அளந்து தரும் மருந்தை அவர் விதித்தபடி உண்பாரை யாம் இங்குக் குறித்திலேம். அவர் செய்வது தக்கதே. யாம் குறித்தது, ஒரு நோவுக்குத் தந்ததனை வேறொரு துயருக்குத் தானே எடுத்தலும், விதித்த அளவைக் கடத்தலுமேயாம். காலில் முள் தைத்தவழி எழும் நோவு, முள் உண்டென்பதை அறிவிக்குந் தூதாகும். மனத்துயரும் அவ்வாறே, இழந்ததன் அருமையையும், செய்யாது விட்ட கடமையையும், சொல்லாது விட்ட சொல்லையும் நமக்கு அறிவிக்கின்றது. முள்ளை எடாது காலை மரப்பித்து நடப்பவன் சிலநாள் நோவின்றி நடப்பான்; முள்ளோ உள்ளே சீழ்வைக்கும். துயரை நீக்குதல் வேறு. துயரை அறியும் அறிவை மழுக்குதல் வேறு. அன்றியும், துயர் ஒன்றனையே தெரிந்தெடுத்து மரப்பிக்கவல்ல குளிகை யாண்டும் இல்லை. துயர் மங்கும்போது, பிள்ளையின் சிரிப்பாலெய்தும் மகிழ்ச்சியும், தொழிலில் உள்ள ஊக்கமும் உடன் மங்குகின்றன. ஆதலின் அது முறையன்றென்பது தெளிவு.

இனி, இரண்டாவது வினா. “தவறென்று கண்டவன் அன்றே அதனை எறிந்துவிடுக. பிறரிடஞ் சென்று துணை கேட்டல் மனவுறுதி இல்லார் செயல்” என்பர் சிலர். இக்கூற்று கேட்டற்கு இனிது; ஆயின் உண்மைக்கு மாறானது. அதற்குக் காரணம் மூன்று கூறுவாம்.

ஒன்று, உடம்பின் இயல்பு. 1963ஆம் ஆண்டில் வேலியம் என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்த டயஸிபாமும் அதன் இனத்தனவும், நரம்புகளின் கிளர்ச்சியைத் தணிக்கும் மூளைப்பொருளொன்றன் தொழிலை மிகுவிப்பன. அவற்றை நெடுநாள் உண்ண, மூளை அவற்றிற்கு இணங்கத் தன்னை மாற்றிக்கொள்ளும். முன்னர் ஒன்றால் எய்திய அமைதிக்குப் பின்னர் இரண்டு வேண்டும். திடீரென நிறுத்தினாலோ உறக்கமின்மையும், நடுக்கமும், பதற்றமும், சிலர்க்கு வலிப்பும் உண்டாகி உயிருக்கே இடராகும். ஆதலின், “இன்றே எறிந்துவிடுக” என்னும் அறிவுரை வீரம்போலத் தோன்றினும் ஆபத்தானதாம். வைத்தியர் மேற்பார்வையிற் சிறிது சிறிதாகக் குறைத்தலே நெறி.

இரண்டு, அறிவின் இயல்பு. தான் எழுதிய கட்டுரையிலுள்ள பிழை தன் கண்ணுக்கு எளிதில் தோன்றாதென்பதை ஆசிரியராகிய நாம் நன்கறிவோம். பழக்கத்தின் அளவைக் காணவேண்டிய அறிவே அப்பழக்கத்தால் மங்கியிருக்கும்போது, பிறர் கண் வேண்டப்படுதலில் வியப்பென்னை?

மூன்று, பழக்கத்தின் இயல்பு. இஃது ஒளித்தலால் வளர்வது. அலுமாரியின் மூலையில் மறைத்த போத்தலும், ஒரு வைத்தியருக்குத் தெரியாமல் மற்றொருவரிடம் பெற்ற மருந்துச் சீட்டுமே இதற்கு உணவாவன. ஒருவரிடமேனும் வாய்திறந்து சொல்லிய நாளில் அவ்வுணவு குறைகின்றது. ஆகவே துணை கேட்டல், மீட்சிக்கு முன் நிகழும் ஒரு சடங்கன்று. மீட்சியின் முதற்கூறே அதுவாம்.

இதற்கு உலகறிந்த சான்றொன்று கூறுவாம். அமெரிக்க நாட்டில் 1974 முதல் 1977 வரை சனாதிபதியாயிருந்த ஜெறல்ட் போர்ட் என்பாரின் மனைவியார் பெற்றி போர்ட் அம்மையார். 1964ஆம் ஆண்டிற் கழுத்து நரம்பு நசுங்கியமையால் அவருக்கு நோவடக்கும் மருந்து தரப்பட்டது. கணவர் அரசியல் அலுவலால் வெளியூர் சென்றிருக்க, நான்கு பிள்ளைகளையும் பெரும்பாலுந் தாமே வளர்த்த தனிமையில், குளிகைகள் பெருகின, மதுவும் உடன்சேர்ந்தது. 1978ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், கணவரும் பிள்ளைகளும் வைத்தியரோடு அவர்முன் அமர்ந்து, தாம் கண்டவற்றை ஒவ்வொருவராக எடுத்துரைத்தனர். அவர் சினந்தார்; அழுதார்; பின்னர் இசைந்தார். தமது அறுபதாம் பிறந்தநாள் கழிந்தவுடன் லோங் பீச் நகரிலுள்ள கடற்படை வைத்தியசாலையிற் சேர்ந்தார். ஆங்கு நால்வர் தங்கும் அறை காட்டப்பட்டபோது, தனியறை வேண்டுமென்றார். அங்ஙனமாயின் ஏனைய பெண்களை வெளியேற்றுவேன் என்றார் வைத்தியர். அதற்கு அம்மையார் ஒருப்படாது, அவர்களோடே தங்கினார். குளிகையின் வயப்பட்டமையை முதலிலும், மதுவின் வயப்பட்டமையைச் சிலநாட் கழித்தும் உலகறியக் கூறினார். 1982ஆம் ஆண்டில் இத்தகையோர்க்கெனக் கலிபோர்ணியாவில் தம் பெயரால் ஒரு நிலையம் நிறுவி, 2011ஆம் ஆண்டில் 93 வயதிற் காலமானார். அவரது வாழ்வில் இழிவு எது? ஒளித்து வாழ்ந்த ஆண்டுகளா, வெளிப்படுத்திய நாளா?

“அவர் செல்வமும் பதவியும் உடையார், சிற்றூரில் வாழும் ஆசிரியர் நிலை வேறு. அவர் வாய்திறந்தால் ஊர் என்ன சொல்லும்? பெண்ணுக்குச் சம்பந்தம் பேசவருவோர் திரும்பிப் போகாரா?” என்பீராயின், அவ்வச்சம் பொய்யன்று. அதனை மறுத்தல் நேர்மையாகாது. ஆயின் அவ்விழிவை ஆக்குவார் யாவர்? துணை கேட்டவரல்லர், கேட்டதைப் பிறருக்குச் சொல்லித் திரிவாரேயன்றோ? ஆதலின், துணை நாடுதல் இழிவாமா என்னும் வினாவுக்கு விடை, நாடுபவன் கையிற் பாதியும், கேட்பவன் கையிற் பாதியுமாக உள்ளது.

ஆசிரியப் பெருமக்காள்! நும்முடன் தொழில் செய்வார் ஒருவர் பகலிலே உறங்கிவழிதலும், காரணமின்றிச் சினத்தலும், பிறரிடங் குளிகை கேட்டலுங் கண்டால், தனியே அணுகுங்கள். அவர் எத்தகையர் என்று தீர்ப்புக் கூறாது, நீங்கள் கண்டதனை மட்டும் அன்போடு சொல்லுங்கள். மருந்து தந்த வைத்தியரிடம் உடன்செல்ல ஒருப்படுங்கள். உண்ணும் அளவு முழுவதையும் அவரிடம் மறையாது கூறுமாறு ஊக்குங்கள். 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாட்டில் அமைந்த அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் இத்தகையோர்க்கு உதவும் பணியை உடையது. உயிரை விடும் எண்ணம் அவர் வாயில் வருமாயின், தனியே விடாது அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். குளிகை குறைந்துவருங் காலத்தில் மறைந்துகிடந்த துயர் மீண்டெழும்; அப்போது அறிவுரை கூறாது, அருகிருந்து கேளுங்கள். ஒருமுறை வழுக்கினாராயின், “இனி இவர் தேறார்” என்று கைவிடாதீர்கள்; எழுத்துப் பழகும் பிள்ளை பிழைத்தெழுதியமைக்காகப் பலகையை நாம் பறிப்பதில்லையே. அவர் சொன்னது ஆசிரியர் அறையிற் பேச்சாகாமற் காத்தல் எல்லாவற்றினும் முதன்மையானது.

இனி, இதனைப் படிக்கும் ஆசிரியருள் எவரேனும் தாமே அந்நிலையில் இருப்பாராயின், அவருக்குச் சொல்லத்தக்கது ஒன்றே. விளங்காத பாடத்தை எழுந்துநின்று கேட்ட மாணவனை நீர் எந்நாளும் இழிவாக எண்ணியதில்லை. அந்நீதியை உமக்கும் வழங்குக.