மருந்து உண்டு, பிள்ளைக்கு எட்டவில்லை



சரக்கு இல்லையென்றால் வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்புவதில் வியப்பில்லை. சரக்கும் உண்டு, விலையும் மலிவு, தேவையோ உயிர்த்தேவை. அப்படியிருந்தும் பொருள் போய்ச் சேரவில்லை என்றால் குற்றம் யாரைச் சாரும்?

காக்காய் வலிப்பு என்று நாம் சொல்லும் நோயைப் பற்றியதே இக்கேள்வி. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், அவர்களில் 100க்கு 80 பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலும் வாழ்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தக்க வைத்தியம் கிடைத்தால் 100க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம். பினோபார்பிட்டால் என்னும் மருந்தின் குணம் 1912ஆம் ஆண்டே அறியப்பட்டது. வருஷம் முழுவதற்கும் 5 அமெரிக்க டாலர் போதுமானதாக இருக்கக்கூடும்.

அப்படியானால் தடை எங்கே? ஆப்பிரிக்காவிலுள்ள ஜாம்பியாவில் 3 மாகாணங்களில் 111 மருந்துக் கடைகளைப் பார்த்தறிந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியாயிற்று. ஏறக்குறையப் பாதிக் கடைகளில் வலிப்பு மருந்தே இல்லை. குழந்தைகளுக்குரிய திரவ மருந்து ஒரு கடையிலும் இல்லை. சட்டக் கெடுபிடி இறுகியதே முதற்காரணம் என்று கடைக்காரர்கள் கூறினர். அம்மருந்தைச் சிலர் தவறாகப் பயன்படுத்தலாம் என்பதால், 1971ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கைப்படி பினோபார்பிட்டால் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது.

சட்டம் செய்தவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார். அதிகாரி தம் கடமையைத்தான் பார்க்கிறார். சில காசு லாபத்துக்காகச் சோதனைக்கு ஆளாகக் கடைக்காரரும் துணியமாட்டார். வலிப்பு தொற்றுநோய் என்றஞ்சும் பெற்றோர் பிள்ளையை வீட்டுக்குள் மறைக்கின்றனர். மறைத்த பிள்ளைக்கு மருந்து கேட்டு வருவார் இல்லை. கேட்பாரற்ற சரக்கைக் கடையில் வைப்பாரும் இல்லை. ஒவ்வொருவர் கையும் சுத்தமே. ஆயினும் அடுப்பங்கரையில் வலிப்பு வந்த பிள்ளை நெருப்பில் விழுகிறது.

‘நான் தீங்கு செய்யவில்லை’ என்பதோடு பொறுப்புத் தீர்ந்துவிடுமா? தீராது என்பதே நம் கருத்து. கதவை அடைக்க அதிகாரம் பெற்றவன், உள்ளே வரவேண்டியவனுக்கு வழி விடவும் கடமைப்பட்டவன். மேலும், இம்மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே ஒரு மாதம் சரக்கு வராமற்போவதும் சிறு குறையன்று.

2022 மே மாதம் உலக சுகாதார மன்றம் இந்நோய் குறித்து 2031 வரைக்குமான திட்டத்தை ஏற்றது. திட்டம் நன்றே. ஆனால் அனுப்பிய சரக்குக்குக் கணக்கு எழுதினால் மட்டும் போதாது. உரியவர் கையில் சேர்ந்ததா என்று பார்ப்பதே நாணயம். அமானிதமும் அதுவே அன்றோ?