பாலுக்குள் பாவமும் பரிகாரமும்

ஆரஞ்சு நிற ஆவின் பாக்கெட் அரை லிட்டரை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். கொழுப்பு 6 விழுக்காடு, அதாவது சுமார் 30 கிராம். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்ற கொழுப்பு, ரத்தத்தில் எல்.டி.எல் எனும் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றிவிடும் ரகம். புரதம் 16 கிராம் போல இருக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசின் போக, மிச்சம் மூன்று கிராம்தான் 'வே' புரதம். இந்த மூன்று கிராமுக்குத்தான் இப்போது புதிய மகிமை சொல்கிறார்கள். ரத்தக் கொழுப்பு கூடினால் மூளைக்கு வரும் கேட்டை, ஆக்சிஜனேற்றத் தடுப்பானாக நின்று அது காக்குமாம். முப்பது கிராம் பாவம், மூன்று கிராம் பரிகாரம், இரண்டும் ஒரே பாக்கெட்டில். திருநள்ளாற்றில் எள் விளக்கு ஏற்றுகிறவரைப் பார்த்துச் சிரிக்கும் நம் தோழர்கள் பலர், இந்தப் பரிகாரத்தை மட்டும் மில்லிகிராம் கணக்கில் ஒப்புக்கொள்கிறார்கள்.

வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. நம் மூளை உடல் எடையில் 2 விழுக்காடுதான். ஆனால் இளைப்பாறும் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்புகளால் ஆனது. வே புரதத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் தாராளமாக உண்டு. உடல் தனக்குத்தானே செய்துகொள்ளும் தற்காப்புப் பொருளான குளுட்டாதயோனுக்கு அது மூலப்பொருள். பாலிலுள்ள லாக்டோஃபெரின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, அந்த இரும்பு செய்யக்கூடிய வேதிச் சேட்டைகளைத் தடுக்கும். இவ்வளவும் உண்மை.

ஆனால் குடித்த புரதம் குடித்தபடியே மூளைக்குப் போய்க் காவல் நிற்பதில்லை. இரைப்பையும் சிறுகுடலும் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். அப்படிக் கிடைக்கும் சிஸ்டீன் பாலில் இருந்து வந்ததா, முட்டையில் இருந்தா, பருப்பில் இருந்தா என்று எந்தச் செல்லும் கேட்பதில்லை. இன்னொன்று: ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல் கொலஸ்ட்ரால் மூளைக்குள் நேரே நுழைவதும் இல்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. கேடு வருவது ரத்தக் குழாய் வழியாக. குழாய் தடிக்கும், அடைக்கும், பக்கவாதம் வரும். மறதிநோய் பற்றிய லான்செட் ஆணையம் 2024ஆம் ஆண்டு அறிக்கையில், நடுவயதில் எல்.டி.எல் கூடியிருப்பதையும் தடுக்கக்கூடிய காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஆக ஆபத்து மெய். மருந்து என்று சொல்லப்படுவது, அது சோதிக்கப்பட்ட எலி வளையைத் தாண்டி வந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எலிக்கு ரத்தக் கொழுப்பை ஏற்றுவது லேசான காரியம் அல்ல. அதற்குப் பித்தப்பையே கிடையாது. அதன் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் எச்.டி.எல்லில்தான் போகிறது, நம் உடலில் எச்.டி.எல்லிலிருந்து எல்.டி.எல் பக்கம் கொலஸ்ட்ராலை மாற்றிவிடும் புரதம் எலிக்கு இல்லை. எனவே தீனியில் கொலஸ்ட்ராலோடு பித்த அமிலத்தையும் கலந்து கொடுப்பார்கள். அல்லது, கொழுப்பை உடைக்கும் நொதியை முடக்கும் ரசாயனத்தை ஊசியில் ஏற்றுவார்கள். பிறகு எலியைக் கொன்று, மூளையை எடுத்து, குளிர்ந்த கரைசலில் அரைத்து, தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துக் கொதிநீரில் வைப்பார்கள். சோதனைக் குழாயில் இளஞ்சிவப்பு ஏறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது என்பது கணக்கு. சர்க்கரை போன்ற வேறு பொருள்களும் இதே அமிலத்தோடு சேர்ந்து அந்தக் கணக்கைக் குழப்பும் என்பது ஆய்வகத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. பால் புரதம் தின்ற எலிகளின் குழாய் வெளிறியிருந்தால் கட்டுரை தயார்.

இப்படிச் சோதிப்பது தவறு என்று நான் சொல்லவரவில்லை. ஒரு யோசனை தேறுமா என்று பார்க்க இதுதான் முதல் படி. ஆனால் அந்த எலிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதன் சாவிலிருந்து எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவை மட்டும் சொல்வதுதான் அந்தக் கடனைத் தீர்க்கும் வழி. குழாயின் நிறம் வெளிறியதை 'உங்கள் நினைவாற்றலுக்கு' என்று வே புரதப் பவுடர் டப்பாவில் அச்சடிப்பவன் எலியையும் ஏமாற்றுகிறான், வாங்குகிறவனையும் ஏமாற்றுகிறான். 'மனிதரிடம் சோதித்துப் பார்க்க வேண்டும்' என்று ஆய்வாளர் எழுதியிருந்தாலும், அந்த வரி கடைக்கு வந்துசேர்வதில்லை. விபூதி கொடுப்பவர் அறிவியலின் பெயரைச் சொல்வதில்லை. இவன் சொல்கிறான். அந்த வகையில் விபூதி கொடுப்பவரே மேல்.

டப்பாவுக்குள் இருக்கும் பொருளின் பூர்வீகமும் சுவையானது. பத்து லிட்டர் பாலில் சீஸ் எடுத்தால் ஒரு கிலோ சீஸ் வரும். ஒன்பது லிட்டர் போலப் பச்சை கலந்த மஞ்சள் நீர் மிஞ்சும், அதுதான் 'வே'. அதை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பன்றிக்கு ஊற்றினார்கள், வயலில் விட்டார்கள், ஆற்றில் திறந்துவிட்டார்கள். ஆற்றில் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மடிந்தன. 1970களில் நீர் மாசுச் சட்டங்கள் இறுகின. அதே காலத்தில் வடிகட்டும் சவ்வுத் தொழில்நுட்பமும் கைகூடியது. கொட்ட இடமில்லாத கழிவு பொடியாயிற்று. நல்ல புரதம்தான், வீணாகாமல் போனது நல்லதுதான். அதற்காகச் சஞ்சீவி என்று பட்டம் கட்ட வேண்டுமா?

'நம்பிவிட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுவிடும்?' என்று கேட்கிறவர்கள் பின்லாந்து பக்கம் பார்க்க வேண்டும். கேரட்டும் கீரையும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருந்தன. அவற்றிலுள்ள பீட்டா கரோட்டின் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்பதும் தெரியும். காரணகாரியம் கச்சிதமாகப் பொருந்தியது. 50 முதல் 69 வயது வரையான, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். முடிவு 1994இல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. சாவும் 8 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்து நடந்த இன்னொரு பெரிய சோதனையை 1996 ஜனவரியில் பாதியில் நிறுத்தினார்கள். அங்கேயும் இதே கதை.

வே புரதம் பீட்டா கரோட்டின் அல்ல. அதைக் குடித்தால் புற்றுநோய் வரும் என்று யாரும் இங்கிருந்து கிளப்பிவிட வேண்டாம். காரணகாரியம் அழகாகப் பொருந்துகிறது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்குத்தான் இந்த உதாரணம். சாதகக் கட்டங்கள்கூட அழகாகப் பொருந்தத்தான் செய்கின்றன.

நம் ஊரில் கேடு வேறு வழியில் வருகிறது. எல்.டி.எல் 190ஐத் தொட்டவர், மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டாட்டினை 'கெமிக்கல்' என்று ஒதுக்கிவிட்டு, 'இயற்கை' என்று பவுடர் கரைத்துக் குடிக்கிறார். அந்தக் கெமிக்கல் எங்கிருந்து வந்தது? ஜப்பானில் அகிரா எண்டோ ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்து, 1970களில் முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் கிடைத்த நீலப்பச்சைப் பூஞ்சையில் அது இருந்தது. அரிசியில் பிடித்த பூசணத்தைவிட இயற்கையான சரக்கு எது? பிறகு அந்த வகை மருந்துகள் மனிதரிடமும் சோதிக்கப்பட்டன. இதயநோய் உள்ள 4,444 பேரிடம் வட ஐரோப்பாவில் நடந்த சோதனை, அதே 1994இல் முடிவு சொன்னது: ஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் சாவு 30 விழுக்காடு குறைவு. நம் அரசு மருத்துவமனையில் அது இலவசமாகவே கிடைக்கிறது. இலவசமாகக் கிடைப்பதில் மகிமை இராது என்று நினைக்கிற புத்தி இருக்கிறதே, அது கோயில் வாசலில் சிறப்பு தரிசன டிக்கெட் வாங்கும் புத்தியின் தம்பிதான்.

மறுபடி பின்லாந்துக்கே போவோம். அதன் கிழக்கே வட கரேலியா, பால் மாடுகளின் மண். 1970களின் தொடக்கத்தில் நடுவயது ஆண்கள் மாரடைப்பில் சாவது உலகிலேயே மிக அதிகமாக இருந்த வட்டாரங்களில் ஒன்று. மாவட்ட ஆளுநரின் தலைமையில் மக்களே அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் வேலை தொடங்கியது. புகையை விடச் சொன்னார்கள். ரொட்டியில் வெண்ணெய் வேண்டாம், கொழுப்பெடுத்த பாலைக் குடியுங்கள் என்று வீடு வீடாக, இல்லத்தரசிகளின் சங்கங்கள் வழியாகச் சொன்னார்கள். பால் தொழிலிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. பின்னாளில் பண்ணைக்காரர்கள் பெர்ரிப் பயிருக்கு மாற உதவும் திட்டம் ஒன்றும் நடந்தது. நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்புச் சாவு 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. முழுப்பாலிலிருந்து கொழுப்பெடுத்த பாலுக்கு மாறியபோது அவர்கள் டம்ளரிலிருந்து போனது கொழுப்பு மட்டும்தான். ஆண்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலத்திலும் வே புரதம் அதில் இருந்தது.