தொழிலை மறைப்பதும் களவா?

சென்ற மே முதல் தேதி, தொழிலாளரான அர்ச். சூசையப்பர் திருநாள் பூசை முடிந்து, கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில் நாங்கள் ஐந்தாறு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தோம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். எல்லோரும் ஒரு காலத்தில் மேட்டூரிலும் சேலத்துப் பக்கத்திலும் லேத் ஓட்டிப் பிழைத்தவர்கள். பேச்சு வழக்கம்போல் பழைய காலத்துக்குப் போயிற்று. "அந்த டரட் லேத் மாதிரி ஒரு மிஷின் இனிமேல் வராது" என்றார் ஒருவர். "அப்போ அஞ்சு வருஷம் பட்டறையில கிடந்து புரண்டாத்தான் டர்னர். இப்போ பொத்தானை அமுக்கத் தெரிஞ்சா டர்னர்" என்றார் இன்னொருவர்.

ஓசூரில் கம்ப்யூட்டர் லேத்தில் வேலை செய்யும் அவருடைய பேரன் பக்கத்தில் நின்றிருந்தான். "தாத்தா, உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டான்.

"யாரும் சொல்லிக் கொடுக்கலடா. பார்த்துத் திருடிக்கிட்டதுதான்!" என்று தாத்தா பெருமையோடு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு அந்த வார்த்தை என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. திருடித்தான் கற்க வேண்டியிருந்தது என்றால், அதைப் பூட்டி வைத்தவர் யார்? பூட்டி வைத்தது நியாயமா?

இந்த இயந்திரத்தைக் கண்டிராதவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சாதாரண லேத்தில் இரும்புத் துண்டு சுழலும். தொழிலாளி ஒவ்வோர் உளியாக மாற்றி மாற்றிப் பிடித்து அதைக் கடைவான். டரட் லேத்தில் ஆறு முகமுள்ள ஒரு தலை இருக்கும். முதல் முகத்தில் அளவுக் கட்டை, அடுத்ததில் துளைக்கும் டிரில், அடுத்ததில் மரை வெட்டும் டை என்று ஆறு முகத்திலும் ஆறு கருவிகளைப் பொருத்தி வைத்திருப்பார்கள். ஆரக்கால் போன்ற கைப்பிடிச் சக்கரத்தை இழுத்தால் தலை முன்னே போய் வேலையைச் செய்யும். பின்னே தள்ளினால் 'டக்' என்று திரும்பி அடுத்த கருவி முன்னால் வந்து நிற்கும். பித்தளையில் நட்டு செய்தால் பொன்னிறப் பொடி மழையாய்க் கொட்டும். கை பழகினவன் நாளுக்கு நூற்றுக்கணக்கில் ஒரே அளவாய்ச் செய்து குவிப்பான். சத்தத்தைக் கேட்டே உளி மழுங்கிவிட்டதென்று சொல்லிவிடுவோம். ஆயிரத்தில் ஓர் அங்குலத்துக்குப் பட்டறையில் 'தௌ' என்று பெயர். அரை தௌ பிசகினால் விரல் நுனிக்கே தெரிந்துவிடும். அந்தச் சந்தோஷம் பொய்யல்ல. அதை நினைத்து ஏங்குகிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன்; நானும் ஏங்குகிறவன்தான்.

ஆனால் ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். இந்த டரட் லேத் பிறந்த கதை நம்மில் அநேகருக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஸ்டீபன் ஃபிட்ச் என்பவர் 1845-ஆம் ஆண்டில் துப்பாக்கி விசைகளுக்கான திருகாணிகளை ஆயிரக்கணக்கில் செய்வதற்காக இப்படியொன்றை அமைத்தார். அதில் ஒரு பெரிய சூட்சுமம் உண்டு. தேர்ந்த தொழிலாளி ஒருவன் ஒருமுறை கருவிகளைப் பொருத்தி வைத்துவிட்டால், அதன் பிறகு தொழில் தெரியாதவனும் சக்கரத்தை இழுத்து வேலையை முடித்துவிடலாம். அதாவது, கைத்தொழிலாளியின் தேவையைக் குறைக்க வந்த இயந்திரம் அது! சாதாரண லேத்தில் வளர்ந்த பழைய டர்னர்கள் எங்களைப் பார்த்து, "நீங்கள் டர்னரா, சக்கரம் இழுக்கிறவனா?" என்று கேட்டதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். இன்று நாங்கள் ஓசூர்ப் பேரனைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கிறோம். அவன் திரையில் ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் திருத்தம் கொடுக்கிறான். கதவு மூடினால்தான் அவனுடைய மிஷின் சுற்றும். எங்கள் காலத்தில் கதவும் கிடையாது, காப்பும் கிடையாது. அந்த வேப்பமரத்தடியில் நின்றவர்களின் கைகளை எண்ணினால் விரல்கள் கணக்குக்கு வராது.

பழைய ஏற்பாட்டு ஞானி ஒருவர், முற்காலம் இக்காலத்தைவிட ஏன் நன்றாயிருந்தது என்று கேட்பது விவேகமான கேள்வியல்ல என்று எச்சரிக்கிறார். மேட்டூர்க்காரருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1925 முதல் 1934 வரை கட்டிய நம் அணையில் நீர் நன்றாய் இறங்கும்போதெல்லாம் பண்ணவாடிப் பக்கத்தில் மூழ்கிப்போன பழைய கோயிலின் கோபுரம் தலைகாட்டுகிறது. ஜனங்கள் திரண்டு போய்ப் பார்க்கிறார்கள். சிலர் சிலுவை வரைந்துகொள்கிறார்கள். அணையை உடைத்துவிடலாம் என்று ஒருவரும் சொல்வதில்லை. இயந்திரத்துக்காக ஏங்குவதும் அவ்வளவுதான். பார்த்துவிட்டு வரலாம்.

ஆகையால் நம் கேள்வி இயந்திரத்தைப் பற்றியதல்ல. பையனைப் பற்றியது.

அணைக்குப் பின் 1936-இல் ரசாயன ஆலை, 1960-களில் அலுமினிய ஆலை, 1987-இல் அனல் மின் நிலையம் என்று இவ்வூருக்கு ஒவ்வொன்றாய் வந்தன. ஆலை என்று ஒன்று வந்தால் பழுது பார்க்கும் பட்டறையும் கூடவே வரும். பட்டறையில் எடுபிடியாய்ப் பையன்கள் வருவார்கள். நானும் அப்படி ஒரு பட்டறையில் பதினெட்டு வயதில் சேர்ந்தவன். எந்தப் பட்டறை என்பது வேண்டாம். என் மேஸ்திரி வேலையில் சூரர். லேத்தில் துண்டு அறுக்கும் உளி, சுழலும் கம்பியின் மையத்துக்குச் சரியான உயரத்தில் நிற்கவேண்டும். மயிரிழை தாழ்ந்தால் நடுவில் முளை மிஞ்சும். உயர்ந்தால் உளி உரசிக்கொண்டு வெட்டாது. கடைசியில் முறிந்தும் போகும். நான் வைத்த உளிகள் முறிந்தன. அவர் வைத்தவை முறியவில்லை. அவர் உளியைப் பொருத்துகிற நேரத்தில் தவறாமல் எனக்கு ஒரு கட்டளை வரும்: "டேய், ஓடிப்போய் டீ வாங்கிட்டு வா." முறிந்த உளிக்குக் கூலியில் பிடித்தம், சில நாள் முதுகில் ஸ்பேனரும் விழும்.

இரண்டு வருஷம் டீ வாங்கினேன். ஒரு நாள் கடைக்காரர் கடையை மூடியிருந்தபடியால் சீக்கிரம் திரும்பி வந்து பார்த்துவிட்டேன். அவர் சுழலாமல் நிற்கும் கம்பிக்கும் உளி நுனிக்கும் நடுவே ஒரு ஸ்டீல் ஸ்கேலை மெல்ல நெருக்கிப் பிடித்தார். ஸ்கேல் செங்குத்தாய் நின்றால் உளி மையத்தில் இருக்கிறது. ஸ்கேலின் தலை நம் பக்கம் சாய்ந்தால் உளி தாழ்வு. அப்பால் சாய்ந்தால் உயர்வு. அவ்வளவுதான்! பத்து விநாடியில் சொல்லிவிடக்கூடிய ரகசியம்.

ஏழாம் கற்பனை களவை விலக்குகிறது. பிறனுடைய பொருளை எடுப்பது மட்டுமன்றி, அவனுக்குச் சேரவேண்டியதைக் கொடாமல் நிறுத்தி வைப்பதும் களவே என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். வேலையாளின் கூலியை நிறுத்துவது அப்படிப்பட்டது. தொழில் கற்க வந்தவனுக்குப் பணம் சொற்பம். அவனுக்குக் கூலியின் பெரும்பகுதி அந்தத் தொழிலறிவுதான். அப்படியானால் அதை மறைப்பது கூலியைப் பிடிப்பதல்லவா? இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் மனித உழைப்பைப் பற்றி 1981-இல் எழுதிய நிருபத்தில், உழைக்கிறவன் இரண்டு சொத்துக்களுக்கு வாரிசாகிறான் என்கிறார்: ஒன்று சர்வேசுரன் படைத்த இயற்கை, மற்றது அதைக்கொண்டு முன்னோர் கண்டறிந்து வைத்தவை. என் மேஸ்திரி அந்த ஸ்கேல் வித்தையைக் கண்டுபிடித்தவர் அல்லர். அவருக்கும் எங்கிருந்தோ வந்ததுதான்.

ஆனாலும் அவரை ஒரேயடியாய்க் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு நாலு பெண் குழந்தைகள். வேலை நிரந்தரமில்லை. பையன் கற்றுக்கொண்ட மறுநாளே, பாதிச் சம்பளத்துக்கு அவனை வைத்துக்கொண்டு இவரை வீட்டுக்கு அனுப்பிவிட முதலாளியால் முடியும். அப்படி நடந்ததும் உண்டு. பசிக்காக ரொட்டியை ஒளித்து வைத்தவனையும் பேராசையால் ஒளித்து வைத்தவனையும் சர்வேசுரன் ஒரே தராசில் நிறுக்கமாட்டார். அந்தப் பயத்தை அவருக்கு உண்டாக்கினவர்களும் இந்தக் களவில் பங்காளிகளே.

"அந்தக் காலத்தில் குருவுக்கும் சீடனுக்கும் பாசம் இருந்தது" என்பவர்கள் இன்னும் பழைய காலத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். அர்ச். தொன் போஸ்கோ தூரின் நகரில் 1852 பெப்ருவரி 8-ஆம் தேதி முத்திரைத் தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதுவித்தார். பெர்த்தொலீனோ என்னும் தச்சர், ஒதாஸ்ஸோ என்னும் பையனை இரண்டு வருஷத்துக்குத் தொழில் பழக்க ஏற்கிறார். பையனை வாயால் மட்டுமே கண்டிக்கவேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமான வேலையையே கொடுக்கவேண்டும். வேறு ஏவல் கூடாது. திருநாட்களில் அவனை விட்டுவிடவேண்டும். வருஷத்துக்குப் பதினைந்து நாள் விடுமுறை. கூலி படிப்படியாய் உயரவேண்டும். ஓர் அர்ச்சியசிஷ்டவர் இதையெல்லாம் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க நேர்ந்தது என்றால், அந்நாளில் பட்டறைகளில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அடியும் இருந்தது, டீ வாங்குகிற வேலையும் இருந்தது! ஆனால் பையனுக்காகப் பேசவும் ஒருவர் இருந்தார்.

நம் தேசத்தில் தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. பழகுநன் கற்பவனேயன்றித் தொழிலாளியல்லன் என்று அது சொல்கிறது. நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட வார்த்தைதான். ஆனால் கற்பிக்கிறவன் கற்பிக்காவிட்டால் அதே வார்த்தை பையனுக்கு விலங்காகிவிடுகிறது. தொழிலாளிக்குரிய கூலியும் இல்லை, கற்பவனுக்குரிய கல்வியும் இல்லை. இன்று சில இடங்களில், ஒரு வருஷம் முழுவதும் மிஷினில் துண்டை மாட்டிக் கழற்றவிட்டுச் சான்றிதழோடு அனுப்பிவிட்டு, அடுத்த கூட்டத்தை எடுக்கிறார்கள் என்று நம் பங்குப் பிள்ளைகளே வந்து சொல்கிறார்கள். நிரலை எழுதுகிறவர் கண்ணாடி அறைக்குள் இருக்கிறார். பையன் உள்ளே போகக்கூடாது. டீ வாங்க அனுப்பவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இவ்வளவும் எழுதிவிட்டு என்னைப் பற்றிய ஒன்றை எழுதாமல் விட்டால், நான் மற்றவர்களுக்கு மட்டும் ஆத்தும சோதனை செய்தவனாவேன். 1988 வாக்கில் நான் மேஸ்திரியானபோது என்னிடம் ஒரு பையன் வந்தான். சுறுசுறுப்பானவன். அவனுடைய உளிகளும் முறிந்தன. நான் உளி பொருத்தும் நேரத்தில் அவனை எங்கே அனுப்பினேன் என்று சொல்லவேண்டியதில்லை. எனக்கு நிரந்தர வேலை இருந்தது. நாலு பெண் குழந்தைகளும் இல்லை. எனக்குச் செய்ததை நானும் செய்தேன், அவ்வளவே. ஒன்றரை வருஷத்தில் அவன் வெறுத்துப்போய் நின்றுவிட்டான்.

இந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். குருவானவர் சிரிக்கவில்லை. களவென்றால் திருப்பிக் கொடுக்கவேண்டுமே, அந்த ஆள் எங்கே என்று கேட்டார். விசாரித்தேன். சங்ககிரியில் லாரி வைத்திருக்கிறான், தலை நரைத்துவிட்டது. போய்ப் பார்த்தேன். ஸ்கேல் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவ்வளவுதானாண்ணே?" என்றான். பிறகு சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் செய்தான். சாப்பிட்டேன். சோறு இறங்கவில்லை.

அவனுக்குத் திருப்பிக் கொடுக்க இனி வழியில்லை. சூசையப்பர் தமது பட்டறையில் எப்படிக் கற்பித்தார் என்பதைச் சுவிசேஷம் விவரிப்பதில்லை, ஆனால் அர்ச். மாற்கு நம் ஆண்டவரையே தச்சன் என்று அழைக்கிறார். அதற்கு யாரோ ஒருவர் ஒன்றையும் ஒளிக்காமல் கற்றுக் கொடுத்திருக்கவேண்டும்.

என் வீட்டுப் பின்கொட்டகையில் ஒரு சாணைக்கல்லும், பழைய இரும்பு விலைக்கு வாங்கிய ஒரு சிறு லேத்தும் இருக்கின்றன. மூன்று சனிக்கிழமைகளாக ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் பிள்ளைகள் நால்வர் மாலையில் வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி பெண். கம்ப்யூட்டர் லேத்திலும் உளி உயரம் தப்பினால் நடுவில் முளை மிஞ்சத்தான் செய்யும் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். ஸ்டீல் ஸ்கேல் இரண்டுதான் இருக்கின்றன. பழைய டர்னர்கள் யாருடைய பெட்டியிலாவது ஸ்கேலோ, மரை அளவுத் தகடோ சும்மா கிடந்தால், ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு வேப்பமரத்தடியில் என்னிடம் கொடுக்கலாம். ஆளே வந்தால் இன்னும் நல்லது.