காவலர் இல்லாத சட்டம்

"வலியவன் மதியாத சட்டமும் ஒரு சட்டமா?" சர்வதேசச் சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, மட்டக்களப்பு வாவிக்கரையில் நாம் கற்பிக்கும் வகுப்பில் மாணவனொருவன் இவ்வாறு கேட்டான்.

நமது மாணவப் பருவத்திலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. தமிழ் பயின்ற நாம், சட்டம் பயின்ற நண்பரின் குறிப்பேட்டிலிருந்தே அச்சட்டத்தின் அடிப்படைகளைக் கற்றோம். பெரிதாயினும் சிறிதாயினும் அரசுகள் சமமானவை. செய்த உடன்படிக்கையை நல்லெண்ணத்துடன் நிறைவேற்ற வேண்டும். மீறியதற்கு உள்நாட்டுச் சட்டத்தைச் சாக்காகக் காட்டலாகாது. பின்னைய இரண்டும் 1969ஆம் ஆண்டின் வியன்னா சமவாயத்தில் 26ஆம், 27ஆம் உறுப்புரைகளாக உள்ளன. நன்னூல் நூற்பாக்களைப்போல் இவற்றை மனனம் செய்தோம். ஆயினும், எடுத்துக்காட்டின்றி நூற்பா விளங்குமா?

எடுத்துக்காட்டு நம் மண்ணிலேயே இருந்தது. 1993 யூலையில் மட்டக்களப்பு மாவட்டத்தில் நடந்த சுற்றிவளைப்பொன்றில் கைதானவர் சிங்கராசா. தமிழ் மட்டுமே அறிந்த அவரது வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. அதுவே அவருக்கெதிரான ஒரே சான்று. அது தாமாக விரும்பிக் கொடுத்ததன்று என நிறுவும் சுமையையும் பயங்கரவாதத் தடைச் சட்டம் அவர் தலைமீதே ஏற்றியது. விதிக்கப்பட்ட 50 ஆண்டுச் சிறை மேன்முறையீட்டில் 35 ஆண்டாயிற்று. தனிமனிதரின் முறையீட்டை ஐ.நா. மனித உரிமைக் குழு விசாரிக்கலாமென 1997இல் இலங்கை ஏற்றிருந்தது. அவ்வழியே அவர் முறையிட்டார். நீதியான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதென்றும், விடுதலையோ மறுவிசாரணையோ நட்டஈட்டுடன் அளிக்கப்பட வேண்டுமென்றும் 2004இல் குழு கூறியது. 2006இல் நமது உயர் நீதிமன்றமோ, 1997இன் அந்த ஏற்பே அரசியலமைப்புக்கு முரணானது என்றது. சாக்காகக் காட்டலாகாதென்று நாம் கற்றதே இங்கே சாக்காயிற்று!

சிறிய நாடு மட்டுமா இப்படி? நிக்கராகுவா வழக்கில் 1986இல் சர்வதேச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அமெரிக்கா ஏற்க மறுத்ததே!

அப்படியானால் மாணவனுக்கு என்ன சொல்வது? சட்டம் சிறைக்கதவைத் திறக்கவில்லை என்பதை மறைத்துப் பாடம் நடத்துவது அவனுக்குச் செய்யும் துரோகம். ஆகவே அது வெறும் காகிதமென்று கற்பிப்பதோ வலியவனுக்குச் செய்யும் தொண்டு. வாங்கிய நெல்லைப் போடியார் இல்லையென்று மறுத்தால் கடன் தீர்ந்துவிடுமா? தீராது. மறுப்பும் ஒரு குற்றமாகக் கணக்கில் ஏறும். கொடுத்த வாக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவன் பிச்சை கேட்பதில்லை, உரிமை கேட்கிறான்.

அந்தக் கணக்கை வாசிக்கத் தெரிந்தவர்கள் பெருக வேண்டும். காவலர் இல்லாத சட்டத்துக்கு வேறு காவல் ஏது?