உயரத்தை நாடும் விவேகம்

பனிச்சறுக்கல் விடுமுறைக்குச் செல்ல விரும்பும் இலண்டன் குடும்பமொன்று அதற்கான திட்டத்தைப் பெரும்பாலும் பல மாதங்களுக்கு முன்னரே வகுத்துவிடுகின்றது. பெப்ரவரியில் கிடைக்கும் பாடசாலை விடுமுறை ஒரு வாரமே. விடுதிக்கு முற்பணம் செலுத்த வேண்டும். அவ்வாரத்தில் மலைச்சரிவில் பனி கிடக்குமா என்பதை அவ்வளவு முன்னதாக எவராலும் கூறவியலாது. ஆகவே அனுபவமுடையோர் கூறும் அறிவுரை ஒன்றே: இயன்றவரை உயரமான இடத்தைத் தெரிவு செய்க.

அறிவுரையின் பௌதிகம் பிழையற்றது. ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வளியின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியசு குறைகின்றது. அதாவது 150 மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு பாகை. பிரான்சின் சவோய்ப் பகுதியில் 2,300 மீற்றர் உயரத்தில் 1970களின் தொடக்கத்தில் பனிச்சறுக்கலுக்கென்றே அமைக்கப்பட்ட வால் தொரான்ஸ், அவ்வகை ஊர்களுள் ஐரோப்பாவில் மிக உயர்ந்தது. அங்கு செல்வோர் சில இடர்களையும் ஏற்க வேண்டியவராகின்றனர். முதல் நாளில் மூச்சு விரைவில் வாங்கும்; சிலருக்குத் தலையிடி உண்டாகும். மரங்கள் வளரும் எல்லைக்கும் மேலான இடமாதலால், முகில் இறங்கிய நாளில் நிலமும் வானும் ஒரே வெண்மையாகிச் சரிவின் வடிவமே புலப்படாது. பனி தவறாது என்னும் உறுதிக்காக இவற்றையெல்லாம் அவர்கள் பொறுத்துக்கொள்கின்றனர்.

ஆயின் அவ்வுறுதி தேவைப்படுவதன் காரணம் யாது? புவி வெப்பமடைவதால் பனி தங்கும் எல்லை மேலேறிச் செல்கின்றது. 2023இல் வெளியான ஆய்வொன்று ஐரோப்பாவின் 2,234 பனிச்சறுக்கல் இடங்களை நோக்கியது. வெப்பநிலை 2 பாகை உயரின், செயற்கைப் பனியின் துணையின்றேல், அவற்றுள் 53 வீதமானவை மிகக் கடுமையான பனிப்பற்றாக்குறைக்கு ஆளாகும் என்பது அதன் முடிவு. இத்தகைய விடுமுறையொன்றினால் வெளியேறும் காபனீரொட்சைட்டில் பெரும்பங்கு போக்குவரத்துக்கு, குறிப்பாக விமானப் பயணத்துக்கு உரியது. பனியைத் தேடிச் செல்லும் பயணமே பனியைக் குறைப்பனவற்றுள் ஒன்றாகின்றது.

'ஒரு குடும்பத்தின் பயணத்தால் என்ன நேர்ந்துவிடும்?' என்பது இதற்கு உடனே கிடைக்கும் விடை. இவ்விடையை எளிதில் தள்ளிவிட முடியாது. அமெரிக்க மெய்யியலாளர் வோல்ற்றர் சினொட்-ஆம்ஸ்ட்ரோங் 2005இல் எழுதிய கட்டுரையில், இன்பத்துக்காக ஒருவர் மோட்டார் வண்டியைச் செலுத்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்து ஆராய்ந்தார். அந்த ஓட்டத்தால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததென நிறுவவியலாது. ஆதலின் அதனை ஒழிக்கும் கடமை தனிமனிதனுக்கு உண்டெனக் காட்டுவது கடினம். அரசுகளைச் செயற்படத் தூண்டுவதே அவனது கடமை என்பது அவர் வாதம். இதற்கு மாறான நெறியை டெரெக் பாபிற் 1984இலேயே காட்டியிருந்தார். ஆயிரம் பேர் ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை அழுத்த, உணரவியலாத அளவு வேதனை ஒவ்வொன்றாய்ச் சேர்ந்து கொடுந்துன்பமாகின்றது. எவரது பங்கும் தனியே புலப்படாது என்பதனால் அவர்கள் குற்றமற்றவராகிவிடுவதில்லை என்றார் அவர்.

இவ்விரு வாதங்களுக்கிடையே தீர்ப்புக் கூறுதற்கு விடுமுறைத் திட்டமே ஒரு சான்றைத் தருகின்றது. திட்டமிடுவோன் சிறு அளவுகளைப் பொருட்படுத்தாதவன் அல்லன். ஐந்நூறு மீற்றர் தாழ்ந்த ஊரில் பனி குன்றும் வாய்ப்புச் சற்றே மிகுதி என்றறிந்ததும் கூடுதற் பணம் கொடுத்து மேலே செல்கின்றான். தன் ஆறு நாட்களைப் பாதிக்கக்கூடிய சிறு நிகழ்தகவும் அவனுக்குப் பெரிதாகின்றது. பிறரைப் பாதிக்கும் தன் சிறு பங்கோ வெறும் பூச்சியமாகின்றது. ஒரே மனம் ஒரே மாலையில் இரண்டு கணக்கேடுகளை வைத்திருக்கின்றது. குறை இன்பத்தை விரும்பியதில் இல்லை. அளவுகோலை மாற்றியதிலேயே இருக்கின்றது. அப்பங்கு உண்மையில் பூச்சியமும் அன்று. வெளியேறும் ஒவ்வொரு தொன் காபனீரொட்சைட்டுக்கும் ஆர்ட்டிக் கடலின் செப்டெம்பர் மாதப் பனிக்கட்டியில் ஏறத்தாழ 3 சதுர மீற்றர் இழக்கப்படுவதாக 2016இல் ஆய்வாளர் கணித்தனர்.

உயரம் முடிவற்றதுமன்று. மேலே செல்லச்செல்ல மலையின் பரப்புக் குறுகுகின்றது. இடம் குறைய விலை ஏறுகின்றது. பணமுடையோர் மேலேறுவர், ஏனையோர் சேற்றுச் சரிவைக் காண்பர். பொலிவியாவின் சக்கல்தாயா 5,300 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில் உலகிலேயே மிக உயர்ந்த பனிச்சறுக்கல் தளமெனப் பெயர் பெற்றிருந்தது. அதன் பனிக்கட்டியாறு 2009இல் முற்றாக மறைந்தது. உலகின் புகையில் மிகச் சிறு பங்கையே வெளியிட்ட நாடு அது. அங்கு மேலே செல்ல வேறு சரிவு இருக்கவில்லை.

மறுதலையாக ஒன்றையும் கூறுதல் வேண்டும். அல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் வாழும் பலரது குளிர்கால ஊதியம் இவ்விருந்தினரையே நம்பியுள்ளது. எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிட்டால், விடுதியில் அறை துப்புரவு செய்பவளும் இழுவை இயந்திரத்தை இயக்குபவனுமே முதலில் வேலையிழப்பர். ஆகையால் போகாதிருத்தலே அறம் என்று கூறிவிடுவது மலிவான தீர்வு. அதன் செலவையும் பிறரே சுமக்கின்றனர்.

எஞ்சுவது திட்டத்தின் உள்ளமைப்பு. வால் தொரான்சுக்குக் கீழே மூத்தியே என்னும் ஊர்வரை புகையிரதம் செல்கின்றது. அங்கிருந்து பேருந்து ஏறுகின்றது. விமானத்தில் இருமுறை சென்று மூன்று நாட்கள் வீதம் தங்குவதற்குப் பதிலாக, ஒருமுறை புகையிரதத்தில் சென்று ஒரு வாரம் தங்கலாம். தாழ்ந்த ஊரொன்றைத் தெரிந்து, பனி பெய்யாத ஆண்டில் நடைப்பயணத்தோடு மனநிறைவு கொள்ளவும் ஆயத்தமாகலாம். அவ்வாறு செய்பவன் தன் ஆறு நாட்களில் இரண்டையோ மூன்றையோ இழக்க நேரிடும். அவ்விழப்பைத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதிக்கொள்ள அவன் ஒருப்படுகின்றானா என்பதே வினா.