பிறர் கேளாத இரைச்சல்



வருடாந்தக் கணக்கறிக்கையைத் தவிர இந்த மடலில் நான் எதுவும் எழுதியதில்லை. இம்முறை ஒரு கட்டுரை வேண்டும் என்று மடற்குழுவினர் கேட்டபோது, கணக்கைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் விடவில்லை. ஆகவே எந்தக் கணக்கிலும் பதிய முடியாத ஒரு விடயத்தைப் பற்றி எழுதுகிறேன். பிறருக்குக் கேளாத, பிறரால் பார்க்க முடியாத துன்பம் ஒன்றை ஒருவர் சொன்னால், ஆதாரம் இல்லாமலே நாம் அதை நம்பவேண்டுமா? இதுதான் என் கேள்வி.

என் தாயார் 2016ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு எம்மிடம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 71. முதற் குளிர்காலத்திலேயே, "தம்பி, காதுக்குள்ளை சில்வண்டு கத்திற மாதிரி ஒரே இரைச்சல். இரவிலைதான் கூட" என்று சொல்லத் தொடங்கினார்.

நான் அவருடைய அறையில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை அம்மா. கீழை பேர்னஸ் வேலை செய்யிற சத்தமாய் இருக்கும்" என்றேன். பேர்னஸ் நின்ற பிறகும் கேட்கிறது என்றார். ஊர் நினைவும் தனிமையும் மனதைக் குழப்புகின்றன என்று முடிவு கட்டினேன். சில மாதங்களில் அம்மா அதைப்பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். சுகமாகிவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இரவில் அம்மாவின் அறையில் தமிழ் வானொலி மெல்லிய சத்தத்தில் பாடிக்கொண்டிருக்கும். அவர் கண்ணயர்ந்ததும் நான் போய் அதை நிறுத்திவிட்டு வருவேன். காலையில், "ஏன் தம்பி நிப்பாட்டினனி?" என்று ஒருநாள் கேட்டார். "நித்திரை கொள்ளேக்கை ஆருக்கம்மா ரேடியோ?" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இப்படியே ஏழு ஆண்டுகள் சென்றன.

2023ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு திருமண வரவேற்புக்குப் போயிருந்தேன். எமக்குக் கிடைத்த மேசை ஒலிபெருக்கிக்கு முன்னால் இருந்தது. நாலு மணித்தியாலம் அங்கே இருந்தோம். வீட்டுக்கு வந்து படுத்தபோது இரண்டு காதிலும் ஒரு கீச்சுச் சத்தம். காலையில் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அது வருமான வரிக் காலம். பகல் முழுவதும் கந்தோரில் ஆட்களும் தொலைபேசியும் இருந்ததால் சமாளித்தேன். இரவில் வீடு அடங்கியதும் அந்தச் சத்தம் மட்டுமே உலகத்தில் இருப்பதுபோல் இருந்தது. மூன்றாவது வாரம், ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து சமையலறையில் குழாய்த் தண்ணீரை மெல்லத் திறந்துவிட்டு அதன் அருகில் நின்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் காதின் சத்தம் சிறிது பின்வாங்கியது. அந்த நேரத்தில்தான் அம்மாவின் வானொலி எதற்கு என்பது எனக்கு விளங்கியது.

இதை ஆங்கிலத்தில் ரினைற்றஸ் என்பார்கள். தமிழில் காதிரைச்சல் எனலாம். 2022இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்றின்படி வளர்ந்தோரில் ஏறக்குறைய 14 சதவீதத்தினர் இதை அனுபவித்திருக்கிறார்கள். ஏறக்குறைய 2 சதவீதத்தினருக்கு இது கடுமையாக இருக்கிறது. எமது மண்டபத்தில் 300 பேர் கூடினால் அவர்களில் நாற்பது பேர் வரையில் இருக்கலாம் என்று கணக்கு வருகிறது. எவரும் சொல்வதில்லை.

இச்சத்தம் எங்கிருந்து வருகிறது? உட்காதில் நத்தை ஓட்டைப் போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனுள்ளே ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுவது அவைதான். பெருஞ்சத்தத்தாலும் முதுமையாலும் சில மருந்துகளாலும் அவை பழுதடையும். பழுதடைந்தவை மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. அப்போது மூளைக்கு வரும் செய்தி குறைகிறது. குறைந்ததை ஈடுசெய்ய மூளை தன் ஒலியைக் கூட்டுகிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். நிலையம் சரியாகப் பிடிக்காத வானொலியில் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுமல்லவா, அதுபோல. ஆகவே காதுக்குள் வண்டும் இல்லை, பூச்சியும் இல்லை. அதேவேளை இது மனப்பிரமையும் இல்லை.

1953இல் ஹெலர், பேர்க்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் செவிப்புலன் நன்றாக உள்ள 80 பேரை ஒவ்வொருவராக ஒலிபுகாத அறையில் சில நிமிடங்கள் இருக்கச் செய்து, என்ன கேட்டது என்று விசாரித்தார்கள். 94 சதவீதத்தினர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். முழு அமைதியில் பெரும்பாலோருக்கும் ஏதோ கேட்கத்தான் செய்கிறது. பிறருக்கு அது வந்துபோகும். சிலருக்கு அது போவதில்லை.

இன்னொரு உண்மை என்னை வியக்க வைத்தது. கருவி மூலம் வேறொரு ஒலியை எழுப்பி, உங்கள் காதிரைச்சல் இந்த அளவா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை உண்டு. அப்படி அளந்தால், பெரும்பாலும் அது ஒருவர் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியைவிடச் சில டெசிபெல் மட்டுமே கூடுதலாக இருக்கும். ஆனால் அந்த அளவுக்கும் அவர் படும் துன்பத்துக்கும் பெரிய பொருத்தம் இல்லை. ஒரே அளவு இரைச்சல் உள்ள இருவரில் ஒருவர் நிம்மதியாக உறங்குவார், மற்றவர் தத்தளிப்பார். அதாவது அளந்து பார்த்தாலும் துன்பத்தை அளந்ததாகாது. கடைசியில் அவருடைய சொல்லைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

இங்கேதான் என் மனம் உறுத்துகிறது. நான் ஒரு கணக்காளன். வவுச்சர் இல்லாமல் செலவைப் பதியமாட்டேன். அது என் தொழில். ஆனால் நான் ஓர் அகதியும் கூட. 2008இல் இந்நாட்டுக்கு வந்து, எனக்கு நடந்தவற்றை ஓர் அறையில் முன்பின் அறியாத ஒருவருக்குச் சொன்னேன். "இதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கப்பட்டது. என்னிடம் இருந்தது என் சொல் மட்டுமே. என் முகத்தைப் பார்த்தாவது நம்பமாட்டார்களா என்று அன்று ஏங்கினேன். இறுதியில் நம்பினார்கள். அதனால்தான் இன்று இதை எழுத இருக்கிறேன். அப்படிப்பட்ட நான், பெற்ற தாயிடம் அதே கேள்வியைத்தான் கேட்டேன். எனக்குக் கேட்கவில்லை, ஆகவே உனக்கும் கேட்கவில்லை என்று தீர்ப்பும் எழுதினேன்.

எமது முன்னோர் இக்கேள்வியை அறியாதவர்கள் அல்லர். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரில், ஒன்றை எப்படி அறிகிறோம் என்று ஆராய்கிறார். காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகள். அவற்றுள் காண்டலை நான்காகப் பிரிக்கிறார். அதில் ஒன்று தன்வேதனைக் காட்சி. தனக்கு நேரும் இன்ப துன்பத்தைத் தான் அறிதல். கண்ணால் காண்பது எப்படி ஓர் அறிவோ, அப்படியே நோவை உணர்வதும் ஓர் அறிவு. ஆனால் அதற்குச் சாட்சி ஒருவர் மட்டுமே. மற்றவர் அதை அடைய ஒரே வழி அவர் சொல்வதைக் கேட்பது. உரை என்று சித்தியார் முதன்மையாகக் கொள்வது ஆகம வாக்கை என்பதை நான் அறிவேன். எனினும், நம்பத்தகுந்தவர் சொல்லும் அறிவுக்கு ஒரு வாயில் என்ற அந்த நெறியை வீட்டுக்குள்ளும் கொண்டுவரலாம் அல்லவா?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. சொன்னதையெல்லாம் நம்பினால் பொய்யர் பிழைப்பார்கள். உண்மைதான். பொய்யான பற்றுச்சீட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் கணக்குப் பரிசோதனையிலும் ஒரு விதி இருக்கிறது. பத்து டொலர் முத்திரைச் செலவுக்கும் பத்து லட்சம் டொலர் கடனுக்கும் ஒரே அளவு ஆதாரம் கேட்பதில்லை. தவறினால் நட்டம் எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் ஆதாரம் கேட்கிறோம். அம்மா என்னிடம் என்ன கேட்டார்? ஒரு வானொலி பாடட்டும் என்று கேட்டார். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு நட்டம் சில சதம் மின்சாரம். உண்மையாக இருந்ததால் அவருக்கு நட்டம் ஏழு ஆண்டு நித்திரை. இரண்டு தவறும் ஒரே எடை அல்ல. கேட்பது சிறிதாகவும் துன்பம் பெரிதாகவும் இருக்கும் இடத்தில், முதலில் நம்பிவிட்டுப் பிறகு விசாரிப்பதே நியாயம் என்று இப்போது நினைக்கிறேன்.

எனக்கு வந்த பிறகு நான் நம்பினேன் என்பதில் பெருமை ஒன்றும் இல்லை. அது நம்பிக்கையே அல்ல, வெறும் காண்டல். எனக்கு வருவதற்கு முன் நம்பியிருந்தால்தான் அது அன்பு.

இனி, பயன்படக்கூடிய சில விடயங்கள். காதிரைச்சல் உள்ளவர் முதலில் குடும்ப வைத்தியரிடம் காட்டவேண்டும். சிலருக்குக் காதுக்குடும்பி அடைத்திருப்பதே காரணமாக இருக்கும். இரைச்சல் ஒரு காதில் மட்டும் இருந்தாலும், நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலும், தலைச்சுற்று இருந்தாலும் கட்டாயம் மேற்பரிசோதனை வேண்டும். திடீரென்று ஒரு காது கேளாமற் போனால் அது அவசரம்; அன்றைக்கே போகவேண்டும், தாமதித்தால் மருந்து பலிப்பது குறையும்.

இரைச்சலை அடியோடு நீக்கும் மாத்திரை இதுவரை இல்லை. அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை வைத்தியர் சங்கம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி, ஜிங்கோ, துத்தநாகம் போன்றவற்றை இதற்காக எடுக்கவேண்டாம் என்கிறது. விளம்பரம் பார்த்துப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். அதே வழிகாட்டி பரிந்துரைப்பவை வேறு. செவிப்புலன் குறைந்தவருக்குச் செவித்துணைக் கருவி உதவும். வெளிச்சத்தம் நன்றாகக் கேட்கத் தொடங்கினால் உட்சத்தம் பலருக்குப் பின்னுக்குப் போகும். அச்சத்தையும் எரிச்சலையும் குறைக்கும் உளவியற் பயிற்சிக்கும் பயன் உண்டென்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அது இரைச்சலை அழிப்பதில்லை. இரைச்சலின் பிடியைத் தளர்த்துகிறது. மெல்லிய பின்னணி ஒலியும் கைகொடுக்கும். மின்விசிறி, மழைச் சத்தம், வானொலி, எதுவாகவும் இருக்கலாம். முழு அமைதியைத் தேடிப் போகாதீர்கள். மனம் உடைந்துபோகிறது என்றால் தனியே வைத்திருக்காமல் வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள்.

வருமுன் காப்பதும் எம் கையில் இருக்கிறது. ஒன்ராறியோவில் வேலைத்தலங்களுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு 85 டெசிபெல் என்பது எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகிறது. தவிலும் நாதசுவரமும் திறந்த வீதிக்காகப் பிறந்த வாத்தியங்கள். தாழ்ந்த கூரையுள்ள மண்டபத்தில் அவற்றுக்கு முன்னால் ஒலிவாங்கியையும் வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வாத்தியத்தைக் குறைக்கச் சொல்லவில்லை; ஒலிபெருக்கியைக் குறைக்கலாம். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் தள்ளி இடம் ஒதுக்கலாம். வித்துவான்களுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுக்கலாம். நிர்வாகக் கூட்டத்தில் இதை முன்மொழிய இருக்கிறேன். செலவு அதிகமில்லை, கணக்குப் பார்த்துவிட்டேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அந்த இரவுக்கு அடுத்த நாள் காலை அவருக்குப் பக்கத்தில் இருந்து, எனக்கும் அப்படிக் கேட்கிறது என்றேன். பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் என் காதைத் தடவினார். "ஐயோ, உனக்கு வரப்படாது தம்பி. நீ எழுத்து வேலை செய்யிற பிள்ளை" என்றார். பிறகு, எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் கூட, படுத்தால் எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஏழு ஆண்டுகளில் நான் அவரிடம் ஒருமுறையேனும் கேட்காத கேள்விகள் அவை.

அதன்பின் இருவரும் ஒன்றாகவே பரிசோதனைக்குப் போனோம். அவருக்கு உச்ச ஒலிகள் கேட்பது மிகவும் குறைந்திருந்தது. முன்னர் வெடிச்சத்தத்துக்கு அருகில் இருந்தீர்களா என்று பரிசோதித்தவர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். 1993இல் பொம்மர் வந்த ஒருநாள், பங்கருக்குள் என்னை மடியில் அமுக்கித் தன் இரு கைகளாலும் என் காதுகளைப் பொத்தியிருந்தார். அவருடைய காதுகளைப் பொத்த அவரிடம் வேறு கைகள் இருக்கவில்லை.

இப்போது அவருக்குச் செவித்துணைக் கருவி இருக்கிறது. இரவில் வானொலி விடியும்வரை பாடுகிறது. நான் நிறுத்துவதில்லை. என் அறைக் கதவையும் சற்றுத் திறந்தே வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் எவராவது, உங்களுக்குக் கேளாத ஒன்றைக் கேட்பதாகச் சொல்கிறார்களா? சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்களா? இன்றைக்குப் போய் ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.